தறி ஓட்டும் தொழிலாளி சூப்பர்மேன் ஆனார்! செல்போனில் விண்வெளி படம் எடுக்கும் ரசிகர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன?

படவேடு:-

விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஆள் ஒல்லிக்குச்சி. ஊதினால் பறந்து விடுவார் போல் இருப்பார். அவர்தான் சூப்பர்மேன்!

நீல நிற சட்டை, முதுகில் சிவப்புத் துணி, இடுப்பில் நாடா தொங்கும் டிரவுசர். ஊர்ப் புழுதியையும் புகையையும் குடித்துக் குடித்து இந்த சூப்பர்மேனுக்கு மூச்சு இளைப்பு வேறு உண்டு. ஆனாலும் ஊரைக் காப்பாற்ற பறந்து வருவார்.

இது கட்டுக்கதை அல்ல. மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் உள்ள மாலேகான் என்ற ஊரில் நிஜமாகவே எடுக்கப்பட்ட படம். நம்மூர் பக்கம் ஆரணி என்றால் பட்டு. அங்கே மாலேகான் என்றால் விசைத்தறி. ஊரே தறிச் சத்தத்தில் எழுந்து, தறிச் சத்தத்தில் தூங்கும்.

படவேடு, சந்தவாசல், ஆரணி வட்டாரத்தில் இன்று செல்போன் இல்லாத வீடு இல்லை. தறியில் பாவு ஓடும்போதே பக்கத்தில் போனில் ஏதாவது படம் ஓடிக் கொண்டு இருக்கும். 'எந்திரன்' சிட்டி மாதிரி நடந்து காட்டாத பையன் உண்டா? அதையே நாலு பேர் சேர்ந்து படமாக எடுத்து யூடியூப்பில் போட்டால் அதற்குப் பெயர்தான் ரசிகர் படம். இங்கிலீஷில் 'பேன் பிலிம்' என்கிறார்கள். அதாவது, பெரிய கம்பெனி உருவாக்கிய ஹீரோவை வைத்து, அந்த ஹீரோ மேல் உள்ள பிரியத்தில் சாதாரண ரசிகன் சொந்த செலவில் எடுக்கும் படம்.

பிரியம் இருந்தால் போதுமா? கேஸ் வராதா? கம்ப்யூட்டரே படம் எடுத்துக் கொடுக்கும் இந்தக் காலத்தில் இனி இது என்ன ஆகும்? மாலேகானில் இருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

வி.சி.ஆரில் படித்த சினிமா

மாலேகானில் வீடியோ தியேட்டர் நடத்தி வந்தவர் நாசிர் ஷேக். சினிமா பைத்தியம். பிலிம் காலேஜ் பக்கம் எல்லாம் போனது கிடையாது. வி.சி.ஆர். வைத்து காட்சிகளை வெட்டி ஒட்டியே எடிட்டிங் கற்றுக் கொண்டார். கல்யாண வீடியோவும் எடுப்பார்.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு. அன்றைக்கு தியேட்டர்களில் கூட்டம் அள்ளும். வாரம் முழுக்க நின்றபடியே வேலை பார்த்த தொழிலாளிக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

நாசிர் ஷேக் முதலில் கை வைத்தது 'ஷோலே' படத்தில். 2000-ம் ஆண்டு வாக்கில் 'மாலேகான் கே ஷோலே' என்று எடுத்தார். செலவு சுமார் ரூ.50 ஆயிரம். அமிதாப்பச்சன் படத்தில் கொள்ளைக்காரர்கள் குதிரையில் வருவார்கள். இங்கே குதிரைக்கு எங்கே போவது? சைக்கிளில் வந்தார்கள்! ஊர் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. படம் ஓடோ ஓடு என்று ஓடியது.

சிரிப்பு மட்டும் காரணம் இல்லை. திரையில் தெரிந்தது அவர்கள் தெரு. பேசியது அவர்கள் பேச்சு. கொள்ளைக்காரனாக வந்தவர் நேற்று டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து இருந்தவர். மும்பைக்காரன் கோடி கொட்டினாலும் இதைத் தர முடியாது.

மாலேகான் லேசுப்பட்ட ஊரும் அல்ல. 2006-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி அங்கு குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2008-லும் குண்டு வெடித்தது. அப்படி அடிபட்ட ஊரில்தான் கேமராவைத் தூக்கிக் கொண்டு கிண்டல் படம் எடுக்கக் கிளம்பினார்கள்.

கேமரா தண்ணீரில் விழுந்தது

அடுத்து நாசிர் பிடித்தது சூப்பர்மேன். ஹீரோவாகத் தேர்வு செய்யப்பட்டவர் ஷபீக் ஷேக் என்ற விசைத்தறித் தொழிலாளி. வில்லன் எப்படிப்பட்டவன் தெரியுமா? ஊரெல்லாம் அசுத்தம் பரவ வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். குப்பை மேட்டையும் சாக்கடையையும் தினமும் தாண்டிப் போகிற ஜனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வில்லன் கிடைக்க மாட்டான்.

ஷூட்டிங் நடந்த விதமே ஒரு தனி சினிமா. கேமரா ஓடிக் கொண்டே எடுக்க தண்டவாளம், டிராலி வேண்டும். இவர்கள் கேமராமேனை சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளினார்கள். மேலே இருந்து எடுக்க கிரேன் வேண்டும். மாட்டு வண்டியைக் கொண்டு வந்தார்கள். ஒருநாள் இருந்த ஒரே கேமரா தண்ணீரில் விழுந்து விட்டது. ரிப்பேர் ஆகும் வரை எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். நடுவில் ஹீரோவுக்குக் கல்யாணமும் வந்து விட்டது!

இந்தக் கூத்தை எல்லாம் பைசா அகமது கான் என்ற பெண் டைரக்டர் கூடவே இருந்து படம் பிடித்தார். 2008-ல் உருவான அந்த டாக்குமெண்டரியின் பெயர் 'சூப்பர்மென் ஆப் மாலேகான்'. வெளிநாட்டு திரைப்பட விழாக்களில் கைதட்டல் வாங்கியது. இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது 2012-ம் ஆண்டு ஜூன் மாதம்.

அதைப் பார்க்க ஷபீக் இல்லை. வாய்ப் புற்றுநோய் தாக்கி 2011-ல் இறந்து விட்டார்.

இவர்கள் கதையையே பின்னர் பாலிவுட்டில் பெரிய படமாக எடுத்தார்கள். 'சூப்பர்பாய்ஸ் ஆப் மாலேகான்'. டைரக்டர் ரீமா காக்தி. நாசிராக ஆதர்ஷ் கவுரவ், ஷபீக்காக ஷஷாங்க் அரோரா நடித்தனர். 2024-ல் கனடா நாட்டு டொரண்டோ விழாவில் காட்டப்பட்டு 2025 பிப்ரவரி 28-ந்தேதி ரிலீஸ் ஆனது. காப்பி அடித்துப் படம் எடுத்தவர்களின் வாழ்க்கையை சினிமாக் கம்பெனி காசு போட்டு எடுக்கிறது. காலம் இப்படியும் சுற்றும்.

பச்சைத் துணி ரகசியம்

சூப்பர்மேனை எப்படிப் பறக்க விட்டார்கள்? இதைக் கேட்காதவர்கள் இல்லை. ரகசியம், ஒரு பச்சைத் துணி.

பின்னால் பச்சைத் துணியைக் கட்டி முன்னால் ஆளை நிறுத்தி அல்லது படுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டரிடம், 'பச்சை எங்கெங்கே இருக்கிறதோ அதை எல்லாம் அழித்து விடு' என்று கட்டளை கொடுக்கிறார்கள். அழிந்த இடத்தில் வானம், மேகம், நிலா எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆள் மட்டும் மிச்சம் நிற்பார். அவ்வளவுதான், பறந்தாச்சு!

ஏன் பச்சை? மனிதத் தோலில் அந்த நிறம் கிடையாது. கருப்போ சிவப்போ மாநிறமோ, முகம் அழியாது. இன்னொரு காரணம், கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் 4 புள்ளி இருந்தால் அதில் 2 புள்ளி பச்சையைப் பார்ப்பதற்கு. அதனால் பச்சை பளிச் என்று பதிவாகும்.

இதிலே நெசவாளர் வீட்டுக்கு சட்டென்று புரிகிற விஷயம் ஒன்று உண்டு. அரக்கு நிறப் பட்டு கட்டி நடித்தால் அப்படியே நிற்கும். கிளிப்பச்சைப் பட்டு கட்டினால் புடவை மாயமாகி, தலையும் கையும் மட்டும் அந்தரத்தில் தொங்கும்! அதே மாதிரி, பின்னால் கட்டும் துணி பட்டாக இருக்கக் கூடாது. பளபளப்பு இதற்கு எதிரி. சுருக்கம் இல்லாத சாதாரண பருத்தித் துணியே போதும். துணி மேல் வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும். நடிப்பவர் துணியை ஒட்டி நிற்காமல் அஞ்சாறு அடி தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் பச்சை வெளிச்சம் கன்னத்தில் அடித்து ஆள் கிளி மாதிரி தெரிவார்.

ஹாலிவுட்காரனும் இதில் திண்டாடியவன்தான். 1978-ம் ஆண்டு வந்த 'சூப்பர்மேன்' படத்துக்கு செலவு சுமார் 5½ கோடி டாலர். அந்தக் காலத்தில் பச்சைக்குப் பதில் நீலத் திரை. சூப்பர்மேன் சட்டையும் நீலம்! சட்டையும் சேர்ந்து அழிந்து விடும். அதனால் வேறு ஒரு புது முறையைக் கண்டுபிடித்துப் பறக்க விட்டு, அதற்கு ஆஸ்கார் விருதும் வாங்கினார்கள். மாலேகான்காரர்கள் கடையில் துணி வாங்கியதோடு முடித்துக் கொண்டார்கள்.

தையல்காரர் மகன் போட்ட படம்

சூப்பர்மேன் யாருடைய சொத்து? இப்போது வார்னர் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. ஆனால் பிறந்தது கம்பெனியில் அல்ல.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று 2 பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருந்தார்கள். ஒருவர் கதை எழுதுவார். இன்னொருவர் படம் போடுவார். ஷஸ்டரின் அப்பா தையல்காரர். சீகலின் அப்பா துணிக்கடைக்காரர். பையன்கள் இருவருக்கும் விண்வெளிக் கதை என்றால் உயிர். 1933-ல் அவர்களே 'சயின்ஸ் பிக்ஷன்' என்ற பெயரில் ஒரு கையடக்கப் பத்திரிகை நடத்தினார்கள். சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் வந்தது அந்த ரசிகர் பத்திரிகையில்தான்.

1938-ல் அந்த ஹீரோவை கம்பெனிக்கு விற்றார்கள். எவ்வளவுக்குத் தெரியுமா? 130 டாலர். அதையும் இரண்டாகப் பங்கு போட வேண்டும்! கம்பெனி கோடி கோடியாக சம்பாதித்தது. பெற்றவர்கள் இருவரும் வறுமையில் வாடினார்கள். வழக்குப் போட்டும் தோற்றார்கள். கடைசியில் பத்திரிகைகளில் விஷயம் நாறிய பிறகு, 1975-ல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் பென்சன் கொடுக்கவும், படத்தில் பெயர் போடவும் கம்பெனி ஒப்புக் கொண்டது.

ஆக, ரசிகன் படைத்த ஹீரோவை ரசிகன் தொட்டால் குற்றம். இதுதான் இந்த விஷயத்தில் உள்ள விசித்திரம். ராப்பகலாக நெய்தவனுக்குக் கூலி, புடவைக்குக் கடைக்காரன் விலை என்பது மாதிரி.

இஸ்திரிப் பெட்டி விண்கலம்

வெளிநாட்டில் இந்த ரசிகர் படங்களுக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977-ல் வந்தது. அடுத்த ஆண்டே எர்னி போசெலியஸ் என்பவர் 'ஹார்டுவேர் வார்ஸ்' என்று 13 நிமிட கிண்டல் படம் எடுத்தார். அதில் விண்கலத்துக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி பறக்கும். ரொட்டி சுடும் டோஸ்டர் பறக்கும்! ஸ்டார் வார்சை எடுத்த ஜார்ஜ் லூகாஸ் கோபப்படவில்லை. ரசித்தார். 2002-ல் இருந்து அவருடைய கம்பெனியே ரசிகர் படங்களுக்கு விருது கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் முதலில் கிண்டல் படத்துக்கும், டாக்குமெண்டரிக்கும் மட்டும்தான் அனுமதி. சீரியசாக கதை சொல்லும் படங்களை 2007-ல்தான் சேர்த்தார்கள். ரசிகன் சிரிக்க வைக்கலாம், போட்டிக்கு வரக்கூடாது என்ற கணக்கு.

சண்டை வெடித்தது 'ஸ்டார் டிரெக்' விஷயத்தில். அலெக் பீட்டர்ஸ் என்பவர் 'அக்சனார்' என்ற ரசிகர் படத்துக்காக மக்களிடம் நன்கொடை கேட்டார். 10 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது. தொழில் தெரிந்த நடிகர்கள், அசல் மாதிரியே விண்கலம் என்று முன்னோட்டப் படம் அசத்தியது. கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியது. 2015 டிசம்பரில் பாராமவுண்டும், சி.பி.எஸ்.சும் கோர்ட்டுக்குப் போய் விட்டன. 2017 ஜனவரியில் சமரசம் ஆனது.

கேஸ் நடக்கும்போதே, 2016 ஜூன் மாதம் ரசிகர்களுக்கு ஒரு சட்டதிட்டம் போட்டார்கள். ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சினால் 2 பாகம், மொத்தம் 30 நிமிடம். நன்கொடை 50 ஆயிரம் டாலருக்கு மேல் கூடாது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏற்கனவே அந்த தொடரில் வேலை பார்த்த நடிகர், டெக்னீஷியன்களைச் சேர்க்கக் கூடாது. கடையில் விற்கும் டிரெஸ் போட்டால் அது கம்பெனி சரக்காக இருக்க வேண்டும்.

கடைசி விதிதான் உச்சம். பிரியத்திலே படம் எடுப்பவனிடமும் சட்டை வியாபாரம்!

துரியோதனனுக்கு ராயல்டி இல்லை

படவேடு பகுதி மக்களுக்கு வேஷம் கட்டுவது புதிது அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் திரவுபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழா என்றால் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். பகலில் ஏர் ஓட்டியவரும், தறி மிதித்தவரும் ராத்திரியில் அர்ச்சுனன், துரியோதனன். கட்டை கட்டி, கிரீடம் வைத்து அரிதாரம் பூசினால் ராஜாதான்.

யாராவது நோட்டீஸ் அனுப்பியது உண்டா? கிடையாது. பாரதக் கதை ஊர்ச் சொத்து. யார் வேண்டுமானாலும் ஆடலாம், மாற்றலாம், கட்டியங்காரன் நடுவில் புகுந்து நாட்டு நடப்பைக் கிண்டல் செய்யலாம். செய்யாறு பக்கம் உள்ள புரிசை கூத்துக் குழுவினர், கார்சியா மார்க்கேஸ் என்ற வெளிநாட்டு எழுத்தாளரின் கதையைக் கூட கூத்தாக ஆடி இருக்கிறார்கள். பெரிய றெக்கை முளைத்த கிழவன் ஒருவன் வானத்தில் இருந்து விழும் கதை அது. மாலேகானில் பறப்பதற்கு முன்பே பறக்கும் மனிதனை நம் மாவட்டத்துக்காரர்களும் பார்த்தாகி விட்டது.

சூப்பர்மேனும் ஜனங்களுக்கு ஒரு அர்ச்சுனன்தான். ஆனால் சட்டத்துக்கு அப்படி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இருப்பது 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். அடுத்தவர் படைப்பை அனுமதி இல்லாமல் எடுத்தாண்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. காசு சம்பாதிக்கும் நோக்கம் இல்லை என்றால் தண்டனையைக் குறைக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சொந்த உபயோகத்துக்கும், விமர்சனம் செய்வதற்கும் நியாயமான அளவு பயன்படுத்த சட்டமே வழி விடுகிறது. எது நியாயமான அளவு என்பதை கோர்ட்டுதான் வழக்குக்கு வழக்கு பார்த்து முடிவு செய்யும்.

நடைமுறையில் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் யூடியூப் தட்டி விடும். சினிமா பாட்டோ, காட்சித் துண்டோ ஒட்டி இருந்தால் அதை மெஷினே கண்டுபிடிக்கிறது. சில சமயம் வீடியோவை முடக்கும். சில சமயம் வீடியோ ஓடும், விளம்பரக் காசு மட்டும் பாட்டுக் கம்பெனிக்குப் போய் விடும். கம்பெனி புகார் கொடுத்து 90 நாளுக்குள் 3 முறை 'ஸ்ட்ரைக்' விழுந்தால் சேனலையே மூடி விடுவார்கள். மாலேகானில் வீடியோ தியேட்டரில் ஓடியபோது அந்த ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இன்று போட்ட நிமிடமே உலகத்துக்கே தெரிகிறது. கருவி மலிந்தது லாபம். ஒளிந்து கொள்ள இடம் இல்லாமல் போனது நஷ்டம்.

கதாபாத்திரம் ஒரு பக்கம், நடிகர் இன்னொரு பக்கம். ரஜினிகாந்த் பெயரையும் ஸ்டைலையும் வைத்து இந்தியில் ஒரு படம் எடுத்தபோது அவர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் தடை வாங்கினார். அனுமதி இல்லாமல் பெயர், படம், குரலைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023 ஜனவரியில் அவர் தரப்பில் பொது அறிவிப்பும் கொடுக்கப்பட்டது. வீட்டில் சிட்டி மாதிரி நடந்து காட்டும் பையனை யாரும் தேடி வரப் போவது இல்லை. அதே முகத்தைப் போட்டு கடை விளம்பரம் செய்தால் விவகாரம்தான்.

உரிமை என்றாலே பணக்காரன் சமாச்சாரம் என்று நினைத்து விடக் கூடாது. ஆரணி பட்டுக்கே 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்து இருக்கிறது. வேறு எங்கோ நெய்த புடவையில் 'ஆரணி பட்டு' என்று முத்திரை குத்தி விற்றால் தட்டிக் கேட்க சட்டம் துணை நிற்கும். தன் உழைப்பை வேறு ஒருவன் தன் பெயரில் விற்றால் எவ்வளவு எரியும் என்று நெசவாளிக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. அதே எரிச்சல்தான் கதை எழுதியவனுக்கும். கோடி கோடியாக வைத்திருக்கும் கம்பெனி விஷயத்தில்தான் மனசு அவ்வளவாக இரங்க மாட்டேன் என்கிறது.

பச்சைத் துணிக்கும் வேலை போகிறதா?

இப்போது வந்து இருப்பது ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு. 'தறி நெய்பவர் நிலாவில் நடக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தால் சில நிமிடத்தில் வீடியோ வந்து விடுகிறது. கூகுள் கம்பெனி 2025 மே மாதம் அறிமுகம் செய்த 'வியோ 3' படத்தோடு சத்தத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. துணி வேண்டாம், கேமரா வேண்டாம், ஆள் கூட வேண்டாம்.

தமிழ் சினிமாவிலும் இது நுழைந்தாகி விட்டது. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது குரலை ஏ.ஆர்.ரகுமான் குடும்பத்தாரின் அனுமதியோடு ஏ.ஐ. மூலம் பாட வைத்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் விஜயகாந்த் திரும்பி வந்தார். இதெல்லாம் கேட்டுச் செய்தது. கேட்காமல் செய்ததும் நடந்தது. தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' படத்தின் சோக முடிவை ஏ.ஐ. மூலம் சந்தோஷ முடிவாக மாற்றி 2025 ஆகஸ்டு 1-ந்தேதி ரிலீஸ் செய்தார்கள். தனுசும், டைரக்டர் ஆனந்த் எல்.ராயும் கடுமையாக எதிர்ப்பு தெரிவித்தார்கள். ரசிகன் முடிவை மாற்றி எடுத்தால் திருட்டு என்கிறவர்கள், படத்தை எடுத்தவரையே கேட்காமல் முடிவை மாற்றுகிறார்கள்!

சூப்பர்மேன் கம்பெனியும் சும்மா இல்லை. யார் கேட்டாலும் சூப்பர்மேன் படம் வரைந்து கொடுக்கிறது என்று சொல்லி 'மிட்ஜர்னி' என்ற ஏ.ஐ. கம்பெனி மீது வார்னர் 2025 செப்டம்பரில் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் டிஸ்னியும் யுனிவர்சலும் வழக்குப் போட்டு இருந்தன. இதுவரை ரசிகன் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம் என்று இருந்த சண்டை, இப்போது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே போய் விட்டது. இடையில் மாட்டிக் கொள்ளப் போவது போனில் படம் எடுக்கும் பையன்தான்.

ஏ.ஐ. எடுத்துத் தரும் சூப்பர்மேன் கட்டுமஸ்தாக இருப்பார். டிரவுசரில் நாடா தொங்காது. மூச்சு இளைக்காது. மாலேகான் ஜனம் கைதட்டியது அந்த நாடாவுக்கும் இளைப்புக்கும்தான்.

சொந்த ஹீரோ வந்தால்...

அடுத்தவன் ஹீரோ எதற்கு என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். நைஜீரியா நாட்டில் கடுனா என்ற ஊரில் சில பையன்கள் 'கிரிட்டிக்ஸ் கம்பெனி' என்று பெயர் வைத்துக் கொண்டு, திரை உடைந்த செல்போனில் விண்வெளி, மாயாஜால குறும்படங்கள் எடுத்தார்கள். பச்சைத் துணி வாங்க ஒரு மாதம் காசு சேர்த்தார்கள். கரண்டு போகும், இன்டர்நெட் இழுக்கும். கிராபிக்ஸ் கற்றுக் கொண்டது யூடியூப் பார்த்து. 2019-ல் உலகமே இவர்களைத் திரும்பிப் பார்த்தது. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த டைரக்டர் ஜே.ஜே.ஆபிரகாம்சே உதவிக்கு வந்தார்.

இதற்கான கம்ப்யூட்டர் கருவிக்குக் காசு கொடுக்கத் தேவை இல்லை. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இலவசம். அதில் செய்யப்பட்ட 'ப்ளோ' என்ற லாத்வியா நாட்டு பூனைப் படம் 2025-ல் ஆஸ்கார் வாங்கியது. தமிழில் 'இன்று நேற்று நாளை', 'அயலான்' படங்களை எடுத்த டைரக்டர் ஆர்.ரவிக்குமாரும் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்தவர்தான். டைம் மெஷினும் வேற்றுக்கிரகவாசியும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது அல்ல.

இல்லை, சூப்பர்மேன்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அமெரிக்க சட்டப்படி 1938-ல் வந்த முதல் சூப்பர்மேன் கதை 95 ஆண்டு முடிந்து 2034 ஜனவரி 1-ந்தேதி பொதுச் சொத்தாகிறது. அதிலும் ஒரு வில்லங்கம். அந்த முதல் கதையில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது! 20 மாடிக் கட்டிடத்தைத் தாண்டிக் குதிப்பார், அவ்வளவுதான். பறக்கக் கற்றுக் கொண்டது பிறகு வந்த கதைகளில். அந்தக் கதைகளுக்கு இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். பெயருக்கும், நெஞ்சில் உள்ள எழுத்துக்கும் இருக்கும் டிரேட்மார்க் தனி.

தமிழ் ரசிகர்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கும் வேலை இல்லை. எம்.ஜி.ஆர். நடித்து, ஏ.காசிலிங்கம் டைரக்ட் செய்த 'கலை அரசி' 1963-ல் வந்த படம். வேற்றுக்கிரகத்தில் இருந்து பறக்கும் தட்டில் ஆட்கள் வந்து, தங்கள் ஜனங்களுக்குப் பாட்டு சொல்லித் தருவதற்காக பானுமதியைத் தூக்கிக் கொண்டு போவார்கள். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டு வருவார். இந்திய சட்டத்தில் சினிமாப் படத்துக்கு உரிமை 60 ஆண்டு. 'கலை அரசி'க்கு அது 2023 டிசம்பர் 31-ந்தேதியோடு முடிந்து விட்டது. பாட்டு, இசை, கதை, வசனம் ஆகியவற்றுக்கு மட்டும் எழுதியவர் இறந்ததில் இருந்து 60 ஆண்டு என்று வேறு கணக்கு ஓடுகிறது.